லினக்ஸ் மடிக்கணினியில் வைஃபை பட்டியலே வரவில்லை: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: 2024 பிப்ரவரி 11, மாலை 6.40

பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ஒரு பி.ஜி.யில் (கட்டண விடுதியில்) தங்கி வேலை பார்க்கிறேன். புதிதாக வாங்கிய மடிக்கணினியில் விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே லினக்ஸ் மிண்ட் 21.3 நிறுவினேன். விண்டோஸில் வைஃபை நன்றாக வேலை செய்கிறது. மிண்ட்டின் மெனுவில் வைஃபை என்ற சொல்லே இல்லை. வீடியோக்களில் சொன்ன கட்டளைகளை எல்லாம் ஒட்டிப் பார்த்துவிட்டேன். லேன் கேபிள் செருகும் துளையும் இந்த மாடலில் கிடையாது. லினக்ஸில் வைஃபை கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. விண்டோஸுக்கே திரும்பிவிடலாமா?

பதில்: 2024 பிப்ரவரி 11, இரவு 9.15

அதிர்ஷ்டத்துக்கு இதில் வேலையே இல்லை. வைஃபை வரவில்லை என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். அந்த வரிக்குள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல கோளாறுகள் இருக்கலாம். வைஃபை சில்லு, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் கண்ணில் படுகிறதா, பட்டால் அதை இயக்கும் நிரலான டிரைவர் கர்னலில் இருக்கிறதா, டிரைவர் இருந்தால் அது சில்லுக்குள் ஏற்ற வேண்டிய, சில்லின் சொந்த மென்பொருளான ஃபர்ம்வேர் கோப்பு வட்டில் இருக்கிறதா, எல்லாம் இருந்தும் ரேடியோ அணைக்கப்பட்டிருக்கிறதா, ரேடியோ ஓடியும் ரவுட்டர் நம்மை ஏற்க மறுக்கிறதா, ஏற்ற பின்பும் ஐ.பி. முகவரி கிடைக்கவில்லையா என்று கீழிருந்து மேலாகக் கேட்டுக்கொண்டே போனால், ஏதோ ஒரு படியில் ‘இல்லை’ என்று பதில் வரும். அந்தப் படியைச் சரிசெய்யாமல் அதற்கு மேலே உள்ள படிகளில் எத்தனை கட்டளைகளை ஒட்டினாலும் ஒன்றும் நடக்காது.

உங்கள் மெனுவில் வைஃபை என்ற சொல்லே இல்லை என்பதால், பெரும்பாலும் முதல் மூன்று படிகளுக்குள்தான் சங்கதி இருக்க வேண்டும். டெர்மினலைத் திறந்து, கணினிக்குள் பொருத்திய கருவிகளைப் பட்டியலிடும் எல்.எஸ்.பி.சி.ஐ. கட்டளையை என்.என்.கே. என்ற தெரிவோடு இயக்குங்கள். வருகிற நீண்ட பட்டியலில் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்று தொடங்கும் பத்தியைத் தேடி, அதன் சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கும் அடையாள எண்ணையும், அதற்குக் கீழே ‘கர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்ற வரி இருக்கிறதா இல்லையா என்பதையும் எழுதுங்கள். யூ.நேம் கட்டளை சொல்லும் கர்னல் பதிப்பு எண்ணும் வேண்டும்.

இணையம் இல்லாமல் எப்படி எதையும் இறக்குவது என்ற கவலை வேண்டாம். ஆண்ட்ராய்டு போனை கேபிளால் இணைத்து, போனின் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் யு.எஸ்.பி. டெதரிங்கை இயக்கினால், மிண்ட் அதைக் கம்பி வழி இணைப்பாக எடுத்துக்கொள்ளும். தனி டிரைவர் எதுவும் தேவைப்படாது. போன் அந்த நேரத்தில் பி.ஜி.யின் வைஃபையில் இருந்தால், பெரும்பாலான போன்கள் அந்த இணைப்பையே கேபிள் வழியாகக் கொடுத்துவிடும் என்பதால் டேட்டாவும் செலவாகாது. கேபிள் மட்டும் தரவு கடத்தும் கேபிளாக இருக்க வேண்டும். சார்ஜ் ஏற்ற மட்டுமே பயன்படும் மலிவான கேபிள்கள் கடைகளில் நிறைய கிடைக்கின்றன.

2024 பிப்ரவரி 11, இரவு 9.40

ஒன்றைச் சேர்க்க வேண்டும். வீடியோ பார்த்து ஒட்டிய கட்டளைகளில் பிளாக்லிஸ்ட் என்ற சொல் வந்திருந்தால், அது எட்சி அடைவுக்குள் இருக்கும் மோட்புரோப் கோப்புறையில் ஒரு கோப்பை விட்டுச் சென்றிருக்கும். சரியான டிரைவர் பின்னால் வந்தாலும் அந்தக் கோப்பு அதை ஏறவிடாது. நாளைக்கு வேறு எதையும் செய்வதற்கு முன்னால் அந்தக் கோப்புறையைப் பாருங்கள்.

2024 பிப்ரவரி 12

கேட்டவர் விவரம் அனுப்பிவிட்டார். அடையாள எண் 10இசி:பி852. அதாவது ரியல்டெக் ஆர்.டி.எல். 8852பி.இ. டிரைவர் வரி இல்லை. கர்னல் 5.15.

இனி ஊகத்துக்கு இடமில்லை. இந்தச் சில்லுக்கான டிரைவர், ஆர்.டி.டபிள்யூ.89 என்ற தொகுப்பின் ஒரு பகுதியாக, கர்னல் 6.2இல்தான் சேர்ந்தது. மிண்ட் 21.3 இந்த ஆண்டு ஜனவரியில் வெளிவந்தது என்றாலும், அது நிற்பது உபுண்டு 22.04 என்ற மற்றொரு லினக்ஸ் பதிப்பின் மேல், அதன் இயல்பான கர்னல் 5.15, 2021இல் வெளியானது. சில்லு கர்னலின் கண்ணில் படுகிறது, ஆனால் அதை என்ன செய்வதென்று அந்தக் கர்னலுக்குத் தெரியாது. புதிய மடிக்கணினியும் நிலைத்த பதிப்பும் சேரும் இடத்தில் இந்தத் தேதி இடைவெளிதான் மிகப் பெரும்பாலான வைஃபை புகார்களுக்குக் காரணம் என்பது என் அனுபவம்.

செய்ய வேண்டியது: போன் கேபிளோடு அப்டேட் மேனேஜரைத் திறந்து, வியூ மெனுவில் லினக்ஸ் கர்னல்ஸ் பக்கத்துக்குப் போய், 6.5 வரிசையில் மேலே இருப்பதை நிறுவி, மறுதொடக்கம் செய்யுங்கள். பழைய 5.15ஐ நீக்க வேண்டாம். ஏதாவது பிசகினால் பூட் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் வழியாக அதற்குத் திரும்பிவிடலாம்.

கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்திலிருந்து டிரைவரை இறக்கித் தொகுத்துக்கொள்ளும் வழியைப் பலரும் முதலில் சொல்வார்கள். அது நல்ல வழிதான். ஆனால் கர்னலுக்குள்ளேயே டிரைவர் இருக்கும்போது அதை நாடக் கூடாது. வெளியிலிருந்து கொண்டுவந்த டிரைவரை ஒவ்வொரு கர்னல் மாற்றத்திலும் நாமே கட்டிக் காக்க வேண்டியிருக்கும்.

2024 பிப்ரவரி 14

வேலை செய்துவிட்டது. பட்டியலில் பி.ஜி.யின் மூன்று ரவுட்டர்களும் தெரிகின்றன என்று எழுதியிருக்கிறார்.

இதற்கிடையில் ராமமூர்த்தி நகரிலிருந்து வேறொருவர் கேட்கிறார்: பழைய மடிக்கணினியில் பிராட்காம் சில்லு, டபிள்யூ.எல். என்ற மூடிய (மூல நிரல் வெளியிடப்படாத) டிரைவர், ஓராண்டாக ஓடிக்கொண்டிருந்தது. நேற்று வழக்கமான அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை மறைந்துவிட்டது.

மேலே நான் கட்டிக் காக்க வேண்டியிருக்கும் என்றது இதைத்தான். இப்படி வெளியிலிருந்து வரும் டிரைவர்களை டி.கே.எம்.எஸ். என்ற அமைப்பு ஒவ்வொரு புதிய கர்னலுக்கும் மறுபடி தொகுத்துத் தரும். அது தவறுவதற்கு வழக்கமாக இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, தொகுப்பதற்குத் தேவையான, புதிய கர்னலின் ஹெடர் கோப்புகள் நிறுவப்படாமல் போவது. ஹெடர்களை நிறுவி, டி.கே.எம்.எஸ். ஸ்டேட்டஸ் கட்டளையைப் பார்த்தால் இது தெரிந்துவிடும். மற்றொன்று, கணினி தொடங்கும்போது மென்பொருளின் கையெழுத்தைச் சரிபார்க்கும் செக்யூர் பூட். செக்யூர் பூட் இயங்கும் கணினியில் நம்பகமான சாவியால் கையெழுத்திடப்படாத டிரைவரைக் கர்னல் ஏற்காது. கையால் ஏற்ற முயன்றால் ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’ என்று மறுத்துவிடும்.

இதைத் தீர்க்க செக்யூர் பூட்டையே அணைத்துவிடச் சொல்லும் ஆலோசனைகள்தான் எங்கும் கிடைக்கின்றன. நான் அதைச் சொல்ல மாட்டேன். நம் கணினியிலேயே ஒரு சாவி உருவாகிறது. அதை மோக்யுடில் என்ற கருவியால் பதிவுக்கு அனுப்பும்போது ஒரு தற்காலிகக் கடவுச்சொல் கேட்கும். மறுதொடக்கத்தில், லினக்ஸ் ஏறுவதற்கு முன்னால், நீலத் திரை ஒன்று வந்து சில விநாடிகளே காத்திருக்கும். அந்த நேரத்துக்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்தி, என்ரோல் மோக் என்பதைத் தேர்ந்து, அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். பலரும் அந்தத் திரையை ஏதோ கோளாறு என்று நினைத்து கன்டினியூ கொடுத்துவிடுகிறார்கள். சாவி பதிவாகாமல் போய்விடுகிறது. மறுபடி முதலிலிருந்து செய்தால் போதும், எதுவும் கெட்டுப்போகாது.

2024 பிப்ரவரி 25

‘ஹார்டு பிளாக்டு: யெஸ்’ என்று வருகிறதாம் ஒருவருக்கு. மடிக்கணினியின் எந்தப் பக்கத்திலும் வைஃபை சுவிட்ச் இல்லை, எதை அணைப்பது என்று கேட்கிறார்.

ஆர்.எஃப்.கில் லிஸ்ட் என்ற கட்டளை இரண்டு விதத் தடைகளைக் காட்டும். சாஃப்ட் என்பது மென்பொருள் போட்ட தடை. அன்பிளாக் கட்டளையோ ஏர்ப்ளேன் மோட் விசையோ அதை எடுத்துவிடும். ஹார்டு என்பது வன்பொருள் சுவிட்சின் நிலை. எந்தக் கட்டளையாலும் அதை மாற்ற முடியாது. இல்லாத சுவிட்ச் எப்படித் தடை போடுகிறது என்றால், மடிக்கணினியின் சிறப்பு விசைகளைக் கவனிக்கும் ஒரு துணை டிரைவர், சுவிட்ச் இருப்பதாக நம்பி, வெற்று மதிப்பை ‘அணைந்திருக்கிறது’ என்று படித்துவிடுகிறது. ஐடியாபேட் லேப்டாப் என்ற கர்னல் மாட்யூல் சில மாடல்களில் இப்படி நடந்துகொண்டது பல காலமாகத் தெரிந்த செய்தி. பின்னர் வந்த கர்னல்களில் மாடல் மாடலாகத் திருத்தினார்கள். அந்த மாட்யூலைத் தற்காலிகமாக இறக்கிவிட்டு ஆர்.எஃப்.கில் லிஸ்ட்டை மறுபடி பாருங்கள். தடை போய்விட்டால் அதை மட்டும் பிளாக்லிஸ்ட்டில் போடுங்கள். பிளாக்லிஸ்ட்டைப் பற்றி 11ஆம் தேதி எச்சரித்தேன். காரணம் தெரிந்து போடுவதற்கும் வீடியோ பார்த்துப் போடுவதற்கும் வித்தியாசம் உண்டு. எதற்காகப் போட்டோம் என்பதை அதே கோப்பில் ஒரு குறிப்பாக எழுதி வையுங்கள்.

2024 பிப்ரவரி 26

விண்டோஸையும் லினக்ஸையும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு: விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால், ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுவதும் அணைவதில்லை. கர்னலின் நிலையை வட்டில் எழுதிவிட்டு உறங்குகிறது. வைஃபை சில்லு விண்டோஸ் விட்டுச் சென்ற நிலையிலேயே இருந்துவிட்டால், லினக்ஸ் டிரைவரால் அதைத் தொடங்க முடியாமல் போவதுண்டு. விண்டோஸிலிருந்து நேராக வரும்போது மட்டும் வைஃபை இல்லை, லினக்ஸை மறுபடி தொடங்கினாலோ முழுக்க அணைத்துவிட்டு வந்தாலோ இருக்கிறது என்றால் இதுதான் காரணம். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் அதை அணைத்துவிடுங்கள். விண்டோஸ் பாகத்தின் கோப்புகளை லினக்ஸிலிருந்து எழுதுகிறவர்களுக்கு இது வேறு வகையிலும் கட்டாயம்.

2024 மார்ச் 10

‘ரவுட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால் வருகிறது, அடுத்த அறைக்குப் போனால் போய்விடுகிறது’ என்ற கேள்விக்கு இரண்டு பேர் டிரைவரைக் குறை சொல்லிப் பதில் எழுதியிருக்கிறார்கள். இதில் எனக்கு நேரடி அனுபவம் இருப்பதால் விரிவாக எழுதுகிறேன்.

முருகேஷ்பாளையத்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண், கல்லூரி இறுதியாண்டு, ஒரு நாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து, “மாமா, போன்ல நாலு கோடு வருது, இதுல ஒரு கோடுதான் வருது, அதுவும் நிக்க மாட்டேங்குது” என்றாள். விண்டோஸிலும் அப்படியேதான் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டு இயங்குதளங்களிலும் ஒரே கோளாறு என்றால் டிரைவரை விட்டுவிட்டு ஆன்டெனாவைப் பார்க்க வேண்டும். அடிமூடியைத் திறந்தால், வைஃபை கார்டு கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிதாக, ஒரே ஒரு திருகில் நிற்கிறது. அதன் மேல் விளிம்பில் கடுகளவு தங்க நிறத் தலைகள் இரண்டு. ஒன்றின் அருகில் மெயின் என்றும் மற்றதன் அருகில் ஆக்ஸ் என்றும் அச்சாகியிருக்கின்றன. திரையின் கீல் வழியாக உள்ளே வந்திருந்த ஆன்டெனா வயர் ஒன்றுதான், கறுப்பு நிறம். இரண்டாவது வயரைத் தயாரிப்பாளர் போடவே இல்லை. அந்த ஒரு வயரும் ஆக்ஸ் தலையில் செருகியிருந்தது. நகத்தால் நெம்பினால் தலை பிய்ந்துவிடும் என்பதால், பிளாஸ்டிக் முனையை வயரின் கழுத்துக்கு அடியில் கொடுத்து நேர் மேலாகத் தூக்கி, மெயின் தலையின் மேல் சரியாக உட்காரவைத்து விரலால் அழுத்தினேன். சின்னதாக ஒரு ‘டிக்’ கேட்க வேண்டும், கேட்டது. அவர்கள் வீட்டு ஹாலில் ரவுட்டர், அவள் படிக்கும் அறை கடைசியில். அங்கேயே இப்போது வகுப்புகள் தடையில்லாமல் ஓடுகின்றன.

திறக்க விருப்பமில்லாதவர்களுக்குச் சில சில்லுகளில் மென்பொருள் வழியும் உண்டு. ஆர்.டி.எல். 8723பி.இ. டிரைவருக்கு ஆன்ட்.செல் என்ற அமைப்பு இருக்கிறது. அதில் 1 அல்லது 2 கொடுத்து எந்த ஆன்டெனாவைப் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லலாம். ஒற்றை ஆன்டெனா போட்டு விற்கப்பட்ட மாடல்களுக்காகவே இது சேர்க்கப்பட்டது.

அந்தத் தலைகள் அடிக்கடி கழற்றி மாட்டுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. சோதனைக்காகத் திரும்பத் திரும்பக் கழற்றாதீர்கள். வேலையைத் தொடங்கும் முன் பேட்டரி இணைப்பையும் எடுத்துவிடுங்கள்.

2024 மார்ச் 17

பவர் சேவ் பற்றி நான் ஏன் எதுவும் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். உபுண்டு வழிவந்த பதிப்புகளில் நெட்வொர்க் மேனேஜரின் கோப்புறையில் டிஃபால்ட் வைஃபை பவர்சேவ் ஆன் என்ற கோப்பு இருக்கும். அதில் உள்ள 3 என்ற மதிப்பு மின்சேமிப்பு இயங்கட்டும் என்பதைக் குறிக்கும். 2 என்று மாற்றினால் நிற்கும். இணைப்பு இருக்கிறது, ஆனால் பிங் (பதில் திரும்ப வரும்) நேரம் ஏறி இறங்குகிறது, எஸ்.எஸ்.எச். வழியாகத் தொலைவிலுள்ள கணினியில் தட்டச்சு செய்வது திக்குகிறது என்றால் இதை மாற்றிப் பாருங்கள். மற்றவர்கள் தொட வேண்டியதில்லை. மின்வெட்டு நாளில் பேட்டரியை நம்பி உட்கார்ந்திருப்பவருக்கு அந்த மிச்சமும் தேவைப்படும்.

2024 மார்ச் 31

அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு அடுக்ககத்தில் குடியிருக்கும் வாசகருடையது, இதுவரை வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் லினக்ஸில் தெரிகிறது, தன் சொந்த ரவுட்டர் மட்டும் தெரியவில்லை, போனில் தெரிகிறது. சில நாள் தெரிகிறது, சில நாள் தெரியவில்லை.

சில நாள் என்றதுதான் துப்பு. ரவுட்டரில் சேனல் (அலைவரிசையின் உட்பிரிவு) தேர்வு ஆட்டோ என்று இருக்கிறதா என்று கேட்டேன். ஆம். அடுக்ககங்களில் 1, 6, 11 ஆகிய சேனல்கள் நிரம்பி வழிகின்றன. நெரிசல் இல்லாத இடம் தேடும் ரவுட்டர் சில வேளைகளில் 12க்கோ 13க்கோ போய்விடுகிறது. இந்தியாவில் 13 வரை பயன்படுத்த அனுமதி உண்டு. அமெரிக்க விதிப்படி லினக்ஸின் பட்டியலில் 11உடன் முடிந்துவிடும். ஐ.டபிள்யூ. ரெக் கெட் கட்டளை அவருடைய மடிக்கணினியில் நாட்டுக் குறியீடாக யு.எஸ். என்று காட்டியது. அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் வாங்கி அனுப்பிய கணினி. கார்டுக்குள்ளேயே அந்தக் குறியீடு எழுதியிருந்தது. லினக்ஸ் அதை மதித்து, 12, 13 ஆகியவற்றைக் கேட்பதையே நிறுத்திவிட்டது.

ஐ.டபிள்யூ. ரெக் செட் கட்டளையால் ஐ.என். என்று குறிப்பிடலாம். ஆனால் கார்டு தன் குறியீட்டோடு வந்திருந்தால், கர்னல் நம் குறியீட்டையும் கார்டின் குறியீட்டையும் சேர்த்துப் பார்த்து இரண்டிலும் அனுமதி உள்ளதை மட்டுமே திறக்கும். ஆகவே அவருக்கு அது பயன்படவில்லை. ரவுட்டரை 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் நிலையாக நிறுத்திவைத்தார்; அன்றிலிருந்து தெரிகிறது. முடிந்தவர்கள் 5 கிகாஹெர்ட்ஸுக்கே மாறிவிடுவது நல்லது. இந்தியாவில் 2018 அக்டோபரில் அந்த அலைவரிசையின் பெரும்பகுதிக்கு உரிமம் தேவையில்லை என்று அறிவித்துவிட்டார்கள். சுவரைக் கடக்கும் வலு குறைவு என்றாலும் நெரிசல் மிகவும் குறைவு.

2024 ஏப்ரல் 21

பி.ஜி. வாசிகளுக்காக. பல பி.ஜி.க்களில் கடவுச்சொல்லோடு நிற்காமல், கருவியின் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணை) நிர்வாகியிடம் எழுதிக்கொடுத்தால்தான் இணையம் திறக்கிறார்கள். பி.டி.எம். லேஅவுட்டில் ஒருவருக்கு முதல் நாள் வேலை செய்து மறுநாள் நின்றுவிட்டது. காரணம், தனியுரிமைக்காக அவர் இணைப்பு அமைப்பில் மேக் முகவரியை ‘ரேண்டம்’ என்று வைத்திருந்தார். ஒவ்வொரு இணைப்புக்கும் புது முகவரி போனால் ரவுட்டருக்கு அவர் தினமும் புது ஆள்.

அந்த ஒரு நெட்வொர்க்குக்கு மட்டும் குளோன்டு மேக் அட்ரஸ் என்ற இடத்தில் ‘பெர்மனென்ட்’ என்று வையுங்கள்; மற்ற இடங்களில் ரேண்டம் இருக்கட்டும். ‘ஸ்டேபிள்’ என்ற தேர்வும் உண்டு: உண்மையான முகவரியைக் காட்டாது, ஆனால் ஒரே நெட்வொர்க்குக்கு எப்போதும் ஒரே முகவரியைத் தரும். நிர்வாகியிடம் அந்த முகவரியையே எழுதிக்கொடுத்துவிட்டால் இரண்டு பக்கமும் சரியாகிவிடும். நான் இதைத்தான் விரும்புகிறேன்.

முகவரியை மாற்றும் அமைப்பு இணையும் நேரத்துக்கு வேறு, நெட்வொர்க்குகளைத் தேடும் நேரத்துக்கு வேறு. தேடும்போது முகவரியை மாற்றுவதைச் சில யு.எஸ்.பி. வைஃபை கருவிகள் தாங்குவதில்லை. கடவுச்சொல் சரியாக இருந்தும் திரும்பத் திரும்பக் கேட்கும். ஸ்கேன் ரேண்ட் மேக் அட்ரஸ் என்ற அமைப்பை ‘நோ’ ஆக்கினால் தீரும்.

2024 மே 19

கல்லூரி வைஃபை: பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் எண்டர்பிரைஸ் வகை. உபுண்டு 20.04இல் இணைந்தது, 22.04க்கு மாறியதும் இணையவில்லை. சான்றிதழ், கடவுச்சொல் எல்லாம் சரி.

22.04இல், இணைப்புகளை மறையாக்கம் செய்யும் மென்பொருளான ஓபன்.எஸ்.எஸ்.எல்.லின் 3ஆம் பதிப்பு வந்தது. பாதுகாப்பில்லாத பழைய டி.எல்.எஸ். (மறையாக்க) நடைமுறைகளை அது இயல்பாகவே மறுக்கிறது. கல்லூரியின் சரிபார்ப்பு சர்வர் பழைய முறையிலேயே பேசினால், பேச்சு தொடக்கத்திலேயே முறிந்துவிடும். கணினியின் பதிவேடான ஜர்னலில், வைஃபை உள்நுழைவைக் கவனிக்கும் டபிள்யூ.பி.ஏ. சப்ளிகன்ட்டின் வரிகளைப் பார்த்தால் ‘லெகசி ரீநெகோசியேஷன் டிசேபிள்டு’ என்பது போன்ற வாசகம் இருக்கும். ஓபன்.எஸ்.எஸ்.எல்.லின் அமைப்புக் கோப்பில் பழையதை அனுமதிக்க முடியும். ஆனால் அந்தத் தளர்வு அந்தக் கோப்பைப் படிக்கும் எல்லா மென்பொருளையும் பாதிக்கும். கல்லூரியின் கணினி மையத்துக்கு அந்த ஜர்னல் வரியை அப்படியே எழுதிக் கொடுங்கள். சர்வரைப் புதுப்பிக்க வேண்டிய கடமை அவர்களுடையது. அதுவரை உங்கள் கணினியின் பாதுகாப்பை நீங்கள் இறக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

2024 ஜூன் 30

லினக்ஸ் வைஃபை டிரைவர்களுக்காக உழைத்த லாரி ஃபிங்கர் இந்த மாதம் காலமானார். இந்த இழையில் அவருக்கு ஒரு குறிப்பு எழுதாமல் இருக்க முடியாது.

2000களின் நடுவில் பெங்களூருக்கு வந்த புதிதில் நான் வைத்திருந்த மடிக்கணினியின் வைஃபை சில்லுக்கு லினக்ஸ் டிரைவரே கிடையாது. விண்டோஸுக்கான டிரைவர் கோப்பை என்.டி.ஐ.எஸ். ராப்பர் என்ற உறைக்குள் வைத்து ஓட்டுவோம். கர்னல் மாறும்போதெல்லாம் அது உடையும். அந்தக் காலத்தில் தயாரிப்பாளர்களின் ஆவணம் எதுவும் இல்லாமலேயே, பிராட்காம் சில்லு எப்படி வேலை செய்கிறது என்று ஒரு குழு ஆராய்ந்து எழுதியது. அதைக் கொண்டு எழுந்த பி.சி.எம்.43எக்ஸ்.எக்ஸ். டிரைவர் 2006இல் கர்னல் 2.6.17இலும், அடுத்த தலைமுறையான பி43 2008 ஜனவரியில் 2.6.24இலும் சேர்ந்தன. அந்தப் பணியில் உழைத்தவர்களில் அவரும் ஒருவர். பின்னர் ரியல்டெக் டிரைவர்களைக் கர்னலுக்குள் கொண்டுவருவதிலும் பல ஆண்டுகள் ஈடுபட்டார். புதிய கர்னலுக்கு மாற முடியாதவர்களுக்காக ஆர்.டி.டபிள்யூ.88, ஆர்.டி.டபிள்யூ.89 தொகுப்புகளைத் தனியாகக் கட்டி, கிட்ஹப்பில் வைத்து, யார் யாரோ கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதிக்கொண்டிருந்தார். பிப்ரவரி 12இல் நான் ‘நல்ல வழிதான்’ என்று குறிப்பிட்ட தொகுப்பு அவருடையது.

எந்தக் கார்டுக்கு எந்த அமைப்பு என்று அவர் எழுதிவைத்த விளக்கக் குறிப்புகளிலிருந்து நான் கற்றது அதிகம். உறக்கத்திலிருந்து எழுந்ததும் 8852 வகை கார்டு காணாமல் போகிறது என்றால், பி.சி.ஐ. இணைப்பின் ஏ.எஸ்.பி.எம். மின்சேமிப்பை ஆர்.டி.டபிள்யூ.89 டிரைவரின் அமைப்பில் அணைக்கச் சொல்வதும் அங்கே இருந்ததுதான். மே மாதம் இதே தொல்லையைச் சொன்னவர்களுக்கு நான் தனிச்செய்தியில் அனுப்பியது அதையே.

2024 ஆகஸ்ட் 4

மிண்ட் 22 வந்துவிட்டது, கர்னல் 6.8. பிப்ரவரியில் பேசிய 8852பி.இ. இதில் நிறுவல் வட்டிலிருந்தே வேலை செய்கிறது. டி.கே.எம்.எஸ். வழியாக டிரைவர் வைத்திருப்பவர்கள் மேம்படுத்துவதற்கு முன் அதை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே சில்லுக்கு இரண்டு டிரைவர்கள் போட்டியிடும்.

டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பைப் பயன்படுத்தும் ஒருவர் தங்களுக்கு ஃபர்ம்வேர் எப்போதும் தனியாகத் தேட வேண்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறார். அது பழைய நிலைமை. 2022இல் உறுப்பினர்கள் வாக்களித்து முடிவெடுத்த பிறகு, 2023 ஜூனில் வந்த டெபியன் 12இன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டிலேயே மூடிய ஃபர்ம்வேரும் இருக்கிறது.

2024 ஆகஸ்ட் 18

கார்டையே மாற்றிவிட நினைப்பவர்கள் பெங்களூரின் கணினிக் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டுக்குப் போகும் முன் இதைப் படியுங்கள். நேற்று ஒரு வாசகரோடு நானும் போயிருந்தேன்.

அவருடைய மடிக்கணினி ஏ.எம்.டி. பிராசஸர் கொண்டது. கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்தது இன்டெல் ஏ.எக்ஸ். 201. அளவு, செருகும் வடிவம் எல்லாம் பொருந்தும். ஆனால் அது சி.என்.வி.ஐ. வகை. வைஃபை வேலையின் ஒரு பாதி இன்டெல் பிராசஸர் தொகுதிக்குள்ளேயே இருக்கும் என்று எதிர்பார்த்து, ரேடியோ பகுதியை மட்டும் வைத்துச் செய்த கார்டு. ஏ.எம்.டி. கணினியிலும், பழைய இன்டெல் கணினிகளிலும் அது உயிர்பெறாது, எல்.எஸ்.பி.சி.ஐ. பட்டியலில்கூட வராது. ஏ.எக்ஸ். 200, ஏ.எக்ஸ். 210 இரண்டும் முழுமையான பி.சி.ஐ. கார்டுகள். முதலாவதற்குக் கர்னல் 5.1, இரண்டாவதற்கு 5.10 போதும். பெட்டியில் உள்ள கடைசி எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். கடைக்காரரிடம் சொன்னதும் மறுபேச்சில்லாமல் 210ஐ எடுத்துக் கொடுத்தார்.

சில தயாரிப்பாளர்கள், குறிப்பாகப் பழைய வணிக மாடல்களில், தாங்கள் அனுமதித்த கார்டுகளின் பட்டியலை, கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பயாஸுக்குள் வைத்திருக்கிறார்கள். வேறு கார்டைச் செருகினால் இயங்குதளம் ஏறும் முன்பே கணினி நின்றுவிடும். அப்படிப்பட்ட மாடலில் பட்டியலில் உள்ள கார்டையே தேட வேண்டும், அல்லது யு.எஸ்.பி. கருவிதான் வழி. யு.எஸ்.பி. வாங்குகிறவர்கள் டிரைவர் கர்னலுக்குள்ளேயே இருக்கிற சில்லாகப் பார்த்து வாங்குங்கள். ஒரே மாடல் பெயரில், வி1, வி2 என்று உள்ளே வேறு வேறு சில்லுகளை வைத்து விற்கிறார்கள். பெட்டியின் பின்புறம் பதிப்பு எண் சிறிய எழுத்தில் இருக்கும்.

நேற்றைய கார்டில் வைஃபை உடனே வந்துவிட்டது. புளூடூத் வரவில்லை. கார்டின் புளூடூத் பகுதி யு.எஸ்.பி. வழியாகப் பேசுகிறது என்பதால், அதை எல்.எஸ்.பி.சி.ஐ.யில் தேடாமல் யு.எஸ்.பி. கருவிகளைப் பட்டியலிடும் எல்.எஸ்.யு.எஸ்.பி.யில் தேடச் சொல்லியிருக்கிறேன். அவர் விவரம் அனுப்பியதும் இங்கே எழுதுகிறேன்.